முடிவு தெரியுமுன் சொல்லும் நன்றி

‘ஷுக்ர்’ என்ற சொல்லை நாம் நன்றி என்று தமிழாக்கி, அத்துடன் நின்றுவிடுகிறோம். பரீட்சையில் சித்தியடைந்தால் ஷுக்ர். வெளிநாடு போன வாப்பா சுகமாக வீடு வந்து சேர்ந்தால் ஷுக்ர். வயலில் விளைச்சல் நன்றாக இருந்தால் ஷுக்ர். நல்ல முடிவு வந்த பின்னர் சொல்லும் வார்த்தையாகவே அது நமது நாவில் பழகிவிட்டது. முடிவு இன்னும் வராத நிலையில், அது எப்படி வரும் என்று எவருக்கும் தெரியாத நிலையில், ஒரு தாய் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்வதன் பொருள் என்ன? இக்கட்டுரை அந்த வினாவைப் பற்றியது.

இவ்வினா எனக்கு வீட்டிலேயே பிறந்தது. இக்கல்லூரியில் தரம் 10இல் கற்கும் மாணவி ஒருத்தியின் உம்மா நான். அவளுடைய தங்கைக்கு ஏழு வயது. குருதிப் புற்றுநோய்க்காக அவள் சிகிச்சை பெறும் இரண்டாவது வருடம் இது. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் கிழக்கிலுள்ள எங்கள் ஊருக்கும் இடையில் எத்தனை இரவு பஸ்களில் போய் வந்தோம் என்று நான் எண்ணி வைக்கவில்லை. சிகிச்சை முடியவில்லை, முடிவும் எனக்குத் தெரியாது. ஆகவே சுகமான பிறகு திரும்பிப் பார்த்து எழுதும் கட்டுரை அல்ல இது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ என்ற பெருநூலில் ஸப்ரையும் ஷுக்ரையும் ஒரே பகுதியில் இணைத்தே விளக்குகிறார்கள். பொறுமை துன்பத்துக்கு, நன்றி இன்பத்துக்கு என்று நாம் பிரித்து வைத்திருப்பதை அவர்கள் ஏற்பதில்லை. ஷுக்ர் மூன்று பகுதிகளால் ஆனது என்றும் அவர்கள் கூறுகிறார்கள். முதலாவது அறிவு: அருளையும் அது எவனிடமிருந்து வந்தது என்பதையும் அறிதல். இரண்டாவது, அந்த அறிவினால் உள்ளத்தில் உண்டாகும் நிலை. மூன்றாவது, அந்த நிலையிலிருந்து பிறக்கும் செயல். இந்த மூன்று படிகளின் வழியாகவே என் வினாவை நான் ஆராய முயல்கிறேன்.

அறிவு என்ற படி

முதலில் நோயை அறிவோம். நம் வீடுகளில் ‘கென்சர்’ என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தியே சொல்கிறோம். சொல்லுக்குப் பயந்தால் நோயை விளங்கிக்கொள்ள முடியாது.

பிள்ளைகளுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் அதிகமாகக் காணப்படுவது லுகேமியா எனப்படும் குருதிப் புற்றுநோய். எலும்புகளின் உள்ளே இருக்கும் என்பு மச்சையில்தான் நமது குருதிக் கலங்கள் உற்பத்தியாகின்றன. இந்நோயில், முதிர்ச்சியடையாத வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. செங்குருதிக் கலங்கள் குறைவதால் பிள்ளை வெளிறிக் களைத்துப் போகிறது. குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதால் காரணமின்றி உடலில் நீலத் தழும்புகள் தோன்றுகின்றன; முரசிலிருந்து இரத்தம் கசிகிறது. கிருமியை எதிர்க்கும் நல்ல வெண்கலங்கள் இல்லாததால் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. கால் எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை நடக்க மறுப்பதும் உண்டு. இது தொற்றுநோய் அன்று. பிள்ளையைத் தொட்டால், அதன் கோப்பையில் தண்ணீர் குடித்தால் எவருக்கும் வராது. பெற்றோர் சாப்பிடக் கொடுத்ததாலோ கொடுக்காமல் விட்டதாலோ வருவதும் அன்று.

அடுத்ததாக மருந்தை அறிவோம். அல்லாஹ் நிவாரணம் இறக்காமல் எந்த நோயையும் இறக்கவில்லை என்ற கருத்துடைய நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியதையும் அறிவோம். ஆனால் அந்த நிவாரணம் எந்த வழியால், யாருடைய கைகளால் நம் பிள்ளையிடம் வந்து சேர்ந்தது என்று நாம் தேடிப் பார்ப்பது குறைவு. வாட்டில் சேலைன் துளித்துளியாக இறங்கும் நீண்ட மணித்தியாலங்களில் நான் தேடியது அதைத்தான்.

என் மகளுக்கு ஊசியாக ஏற்றப்படும் மருந்துகளில் ஒன்று வின்கிறிஸ்டீன். அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் முற்றத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கும் அதே செடிதான். மடகஸ்கார் தீவுக்கு உரிய அந்தச் செடியின் இலையை நீரிழிவுக்கு நல்லது என்று பல நாடுகளில் மக்கள் அவித்துக் குடித்து வந்தார்கள். அதைச் சோதிக்கப் போன ஆய்வாளர்கள் 1950களில் வேறொன்றைக் கண்டார்கள்: அதன் சாறு வெண்குருதிக் கலங்களைக் குறைத்தது. அந்த வழியில் வந்த வின்கிறிஸ்டீன் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. இதைப் படித்துவிட்டு இலையைப் பிடுங்கி அவித்துக் கொடுக்க எவரும் முனைய வேண்டாம். செடி நச்சுத்தன்மை உடையது. மருந்தாகும் பொருள் அதில் மிக மிகச் சிறிய அளவிலேயே உண்டு. அதைப் பிரித்து, சுத்திகரித்து, பிள்ளையின் உடல் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டே ஏற்றுகிறார்கள்.

வாரம் ஒரு முறை அவள் விழுங்கும் மெதொட்ரெக்சேற் என்ற மருந்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆந்திராவின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவருடைய தலைமையில் இயங்கிய ஆய்வுகூடத்தில்தான் இவ்வகை மருந்துகள் உருவாயின. அவற்றில் முந்தியதான அமினொப்டெரின் என்ற மருந்தை பொஸ்டன் நகர வைத்தியர் சிட்னி ஃபார்பர் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1948இல் முடிவை வெளியிட்டார். 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அந்தத் தணிவு தற்காலிகமானது. சில மாதங்களில் நோய் திரும்பியது.

அந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கும் உம்மாமார் இருந்திருப்பார்கள். ஊசி போடும் நேரம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களும் நின்றிருப்பார்கள். அவர்களுக்கு மருந்து கிடைத்தது, பிள்ளை நிலைக்கவில்லை. அந்தச் சில மாதங்களைக் கண்ட பிறகுதான், இந்நோயை மருந்தால் அடக்க முடியும் என்ற நம்பிக்கை உலகத்துக்கு வந்தது. ஒரு மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இரண்டு மூன்று வருடங்கள் தொடர வேண்டும் என்பதையெல்லாம் அடுத்தடுத்த வருடங்களில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளிடமிருந்தே வைத்தியர்கள் கற்றார்கள். இன்று செல்வந்த நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். வசதி குறைந்த நாடுகளில் நிலைமை இன்னும் அவ்வாறு இல்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு திட்டத்தைத் தொடங்கி, 2030க்குள் உலகெங்கும் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் குறைந்தது 60 சதவீதத்தினராவது பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது.

இரவில் அவள் விழுங்கும் சிறிய மாத்திரையின் பெயர் மெர்கப்டோபியூரின். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியன் என்ற பெண். பதினைந்து வயதில் தன் பாட்டனார் புற்றுநோயால் இறப்பதைப் பார்த்து இரசாயனம் கற்க முடிவு செய்தவர். பெண் என்பதால் ஆய்வுகூடங்களில் வேலை மறுக்கப்பட்டவர். கலாநிதிப் பட்டப் படிப்பை முடிக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விஞ்ஞானப் பிரிவில் கற்க விரும்பும் மாணவிகள் இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இன்று மனனம் செய்யும் இரசாயனச் சமன்பாடு நாளை எந்தப் பிள்ளையின் தலைமாட்டில் மாத்திரையாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

முற்றத்துச் செடி, பீமவரத்து வைத்தியர், வேலை மறுக்கப்பட்ட பெண், பெயர் தெரியாத பதினாறு பிள்ளைகள். இவை எல்லாவற்றையும் ஒரு கோட்டில் சேர்த்து எங்கள் கட்டில் வரை கொண்டுவந்தவன் அல்லாஹ். அருளை அறிதல் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கூறுவதன் பொருள் எனக்கு இப்படித்தான் விளங்கியது.

உள்ளம் என்ற படி

அறிவு வந்துவிட்டால் உள்ளம் அமைதியாகிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பற்றி அல்குர்ஆனின் ‘கஸஸ்’ அத்தியாயம் கூறுவதை நினைத்துப் பாருங்கள். குழந்தையை ஆற்றில் விடும்படி அறிவித்தவன் அல்லாஹ். திருப்பித் தருவதாக வாக்களித்தவனும் அவனே. அப்படியிருந்தும் அந்தத் தாயின் உள்ளம் வெறுமையாகிப் போனது என்று அல்குர்ஆன் சொல்கிறது. விஷயத்தை வெளிப்படுத்திவிடும் நிலைக்கு அவர் வந்தபோது, அல்லாஹ்வே அந்த உள்ளத்தை உறுதிப்படுத்தினான். இறைவாக்கு கிடைத்த தாய்க்கே உள்ளம் வெறுமையானது என்றால், அப்படி எந்த வாக்கும் கிடைக்காத நம்மைப் போன்றவர்களுக்கு அது ஏற்படுவதில் வியப்பு என்ன? முள்ளந்தண்டில் ஊசி போடும் அறையின் வாசலில் பிள்ளையைத் தாதியின் கையில் கொடுத்துவிட்டுக் கதவு மூடுவதைப் பார்த்து நிற்கும்போது, அந்த வசனத்தின் பொருள் எனக்கு எந்தத் தப்ஸீரும் இன்றி விளங்கியது.

கண்ணீரும் நன்றிக்கு எதிரானதன்று. யஃகூப் (அலை) அவர்கள் ‘அழகிய பொறுமை’ என்ற சொல்லைத் தந்தவர்கள். மகன் யூஸுஃபுக்காக அழுது அழுது பார்வை மங்கியவர்களும் அவர்களே. தமது துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது குழந்தை இப்றாஹீம் உயிர் பிரியும்போது கண்ணீர் விட்டார்கள். அருகில் இருந்த தோழர் வியந்தபோது, அது இரக்கம் என்று விளக்கினார்கள். ஆகவே, “அழாதீங்க, ஈமான் இல்லாதவங்கதான் அழுவாங்க” என்று நோயுற்ற பிள்ளையின் தாயிடம் சொல்லும் ஆறுதல், நமது மார்க்கம் சொல்லித் தந்த ஆறுதல் அன்று.

இன்னொரு ஆறுதலும் உண்டு. “ஈமானோட இருங்க, கட்டாயம் சுகமாகும்.” இதைச் சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். எனினும் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: ஈமான் கொடுத்தால் சுகம் கிடைக்கும். அந்தக் கணக்கு சரியா?

எங்களுக்கு அடுத்த கட்டிலில் திருகோணமலைப் பக்கத்து உம்மா ஒருவர் தம் மகனுடன் இருந்தார். நடு இரவில் தாதி காய்ச்சல் பார்க்க வரும்போதெல்லாம் நான் விழிப்பேன்; அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த ஒடுக்கமான இடத்தில் தஹஜ்ஜத் தொழுதுகொண்டிருப்பார். என்னைவிட அதிகம் ஓதினார். என்னைவிடக் குறைவாகவே பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பின் அந்தப் பிள்ளை வஃபாத்தானது. ஈமானுக்குக் கூலி சுகம் என்றால், அந்தத் தாயின் ஈமானை நாம் என்ன சொல்வது? என் மகள் இன்று உயிரோடு இருப்பது என் ஈமான் உயர்ந்தது என்பதற்குச் சான்றா? நஊதுபில்லாஹ்! அப்படி ஒரு நன்றியை நான் வாயால் சொன்னால் அது அந்தத் தாயின் முகத்தில் அடிப்பதாகும்.

இந்த இடத்தில்தான் என் வினாவுக்கு விடை கிடைத்தது. நன்றி என்பது முடிவுக்குக் கொடுக்கும் விலையாக இருக்க முடியாது. முடிவு அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. எனக்குக் கிடைத்திருப்பது இன்றைய நாள். இன்று பிள்ளைக்கு வாய்ப்புண் ஆறி அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். இன்று ஊசி ஏற்றும் நரம்பு முதல் தடவையிலேயே கிடைத்தது. இன்று சிங்களத் தாய் ஒருவர் தன் மகளின் பொம்மையை இவளுக்கு விளையாடக் கொடுத்தார். இருவரும் இரண்டு மொழிகளில் பேசிச் சிரித்தார்கள். இவை எதுவும் நாளைக்கான உத்தரவாதம் இல்லை. ஆனால் இவை உண்மையில் கிடைத்தவை. நாளை எது வந்தாலும் இன்று கிடைத்தது கிடைக்காமல் போய்விடாது. நோய்க்காக நான் நன்றி சொல்லவில்லை. அதை நீக்கும்படியே ஒவ்வொரு ஸுஜூதிலும் கேட்கிறேன். நோயின் நடுவிலும் நிறுத்தப்படாத அருளுக்காக நன்றி சொல்கிறேன். அய்யூப் (அலை) அவர்களின் துஆவும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. தமக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்கிறார்கள். அதே மூச்சில் அல்லாஹ்வின் கருணையையும் சொல்கிறார்கள். ஒன்று மற்றொன்றை மறைக்கவில்லை.

அந்தத் திருகோணமலைத் தாய் கடந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஸலாம் சொன்ன பின் அவர் கேட்ட முதல் கேள்வி, “புள்ள சாப்பிடுதா?” என்பது. பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் எடுத்தது. “சாப்பிடுது” என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அந்த வார்த்தையை அதற்கு முன்பும் பின்பும் அத்தனை சுத்தமாக நான் கேட்டதில்லை.

செயல் என்ற படி

மூஸா (அலை) அவர்களின் தாயார் குழந்தையை ஆற்றில் விட்டுவிட்டு வீட்டில் அமர்ந்துவிடவில்லை. மகளை அழைத்து, பெட்டியைப் பின்தொடர்ந்து போகச் சொன்னார். அந்தச் சகோதரியும் தூரத்திலிருந்து கவனித்து, தக்க நேரத்தில் பேசி, தம்பியைத் தாயிடம் திருப்பிக் கொண்டுவரக் காரணமானாள். தவக்குல் என்பது இதுதான். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் உமர் (ரழி) அவர்கள் திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது இன்னொரு விதியின் பக்கமே போகிறோம் என்ற கருத்தில் அவர்கள் பதிலளித்தார்கள். மருந்தும் அவன் விதித்ததே.

எங்கள் வீட்டில் செயல் என்பது சிறிய விஷயங்களாகவே இருக்கிறது. சிகிச்சையிலுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் 100.4 பாகை பரனைற்றை, அதாவது 38 பாகை செல்சியஸை எட்டினால், நடுச்சாமம் ஆனாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது. பிள்ளை ஓடியாடித் திரிகிறதே, முடியும் வளர்ந்துவிட்டதே என்று இடையில் நிறுத்துவது நோய் திரும்பி வர வழி திறப்பதாகும். ஸம்ஸம் தண்ணீரும் ஓதிப் பார்த்தலும் மருந்துடன் சேர்ந்தே நடக்கின்றன; மருந்துக்குப் பதிலாக அல்ல. யாராவது தரும் மூலிகை மருந்தை வைத்தியரிடம் கேட்காமல் கொடுப்பதில்லை.

என் மூத்த மகள் செய்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் மஹரகமவில் இருக்கும் நாட்களில் மூத்தம்மாவுடன் சேர்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். தங்கையின் பாடசாலைக் கொப்பிகளைத் தானே எழுதி நிரப்பி வைத்தாள். தங்கையின் முடி கொட்டியபோது, தன் பழைய பர்தாத் துணியில் சிறிய தொப்பி தைத்துக் கொடுத்தாள். மூஸா (அலை) அவர்களின் சகோதரியைப் பற்றி அவளுக்கு நான் தனியாகப் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை.

அன்பு மாணவிகளே, உங்கள் வகுப்பிலோ அயலிலோ இப்படி ஒரு வீடு இருக்கலாம். அங்கே என்ன செய்யலாம்? தடிமன், காய்ச்சல் உள்ளபோது பார்க்கப் போகாதீர்கள். மற்ற நாட்களில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டுப் போங்கள். ஏன் வந்தது, யாருடைய கண்ணூறு, என்ன பாவம் என்று விசாரிக்காதீர்கள். பாடக் குறிப்புகளைக் கொண்டு போய்க் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்; நோயுற்ற பிள்ளையின் சகோதரிக்கும் ஒரு தோழி தேவை.

பெற்றோருக்கும், 18 வயதைத் தாண்டிய சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரத்தம் கொடுங்கள். குருதிச் சிறுதட்டுக்களை ஐந்து நாட்கள் அளவிலேயே சேமித்து வைக்க முடியும். ஆகவே யாராவது ஒருவர் எப்போதும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். என் மகளின் உடலில் ஏறிய இரத்தப் பைகளில் கொடுத்தவரின் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை; இனமும் மதமும் எழுதப்பட்டிருக்கவில்லை. போயா தினத்து இரத்ததான முகாமில் கொடுத்த ஒரு பௌத்தராக இருக்கலாம். யாழ்ப்பாணத்து மாணவராக இருக்கலாம். நம் ஊர்ப் பள்ளிவாசல் முகாமில் கொடுத்தவராகவும் இருக்கலாம். அவர்கள் எல்லோருக்காகவும் நான் துஆச் செய்கிறேன். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்பதும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த பாடமே. அவர்களின் பெயர் தெரியாததால், அந்தக் கடனை யாரென்றே தெரியாத வேறொரு பிள்ளைக்குக் கொடுத்துத்தான் தீர்க்க முடியும். என் கணவரும் நானும் இப்போது நான்கு மாதங்களுக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கிறோம்.

அருளை அறிந்து, அதை உள்ளத்தில் ஏற்று, கையால் திருப்பிக் கொடுப்பது. இம்மூன்றும் சேர்ந்ததே ஷுக்ர் என்றால், அதற்கு முடிவு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிகிச்சையிலிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. பிள்ளைகளை அவனிடம் ஒப்படைத்துவிட்டு வாழும் பெற்றோருக்கு அழகிய பொறுமையைத் தருவானாக. ஆமீன்.